யானை தாங்கும் பாலம் — அத்தியாயம் 7

போன வாரம் ஜூலியஸ் பேனாவைக் கையில் வாங்கிய இடத்தில் அவரை விட்டுவிட்டு வந்தோம். கவலை வேண்டாம். அவர் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை மாலை மனிதர் தன்னால் முடிந்ததையெல்லாம் செய்தார். மூக்குக்கண்ணாடியைக் காணோம் என்றார். மனைவி வெரோனிக்கா அதை அவர் நெற்றியிலிருந்து இறக்கி மூக்கில் வைத்தார். பேனா எழுதவில்லை என்றார். மரம் வெட்டும் குத்தகையாளர் தினேஸ்வரன் வேறு பேனா கொடுத்தார். கோயிலில் செபமாலைக்கு நேரமாகிவிட்டது என்றார். அன்றைக்கு அவர் சொன்னதில் அது ஒன்றுதான் உண்மை.

"வீட்ல எல்லாருமா போறீங்க அங்கிள்?" என்று கேட்டார் தினேஸ்வரன்.

"எல்லாரும்தான்."

"எனக்கும் சேர்த்து வேண்டிக்குங்க ஆன்ட்டி. நாளைக்குப் பன்னெண்டு மணிக்கு வரேன்."

பேனாவைத் திருப்பி வாங்கிக்கொள்ளாமலே போனார். தங்கமான பிள்ளை என்றார் வெரோனிக்கா.

மலாக்காவில், செர்காமிலிருந்து உள்ளே தள்ளி, ஒரு காலத்தில் தோட்டமாக இருந்து பிறகு துண்டு துண்டாக விற்கப்பட்ட நிலம் அது. அதில் மூன்று ஏக்கர் செம்பனையும் ஒரு வீடும் இவர்களுடையது. பின்னால் நாற்பது ஏக்கரில் பால் வற்றிய ரப்பர் மரங்கள் நிற்கின்றன. தினேஸ்வரன் அவற்றை வெட்டி மூவாரில் நாற்காலி செய்கிறவர்களுக்கு அனுப்ப வேண்டும். அந்த நாற்பது ஏக்கருக்கு மூன்று பக்கம் சதுப்பு. நாலாவது பக்கம் ஜூலியஸ்.

லோரிகள் இவர் நிலத்தின் வழியாகத்தான் போக வேண்டும். நிலத்துக்குள் நுழைய, வாசலில் ஓடும் பாரிட் என்கிற கால்வாய்க்கு மேல் இருக்கும் பாலத்தைத்தான் தாண்ட வேண்டும். பாலம் பன்னிரண்டு அடி நீளம். ஜூலியஸ் தன் கையால் கட்டியது.

வழி விட்டால் பாலத்திலிருந்து வீட்டு வாசல்வரை கல் பாதை போட்டுத் தருவதாகத் தினேஸ்வரன் சொல்லியிருந்தார். இந்த வீட்டில் கல் பாதை என்பது சின்ன விஷயமில்லை. வெரோனிக்காவின் இரண்டு சிறுநீரகமும் வேலையை நிறுத்தி நான்கு வருடம் ஆகிறது. செவ்வாய், வியாழன், சனி, வாரத்துக்கு மூன்று நாள் பாச்சாங்கில் டயாலிசிஸ். கூட்டிப்போகிற வேன் மழைக்காலத்தில் சேற்றில் மாட்டிக்கொள்ளும். சென்ற மாதம் அப்படி மாட்டியபோது இருநூறு அடி நடந்து வந்தவர், ஊசி குத்தும் இடது கையைத் தூக்கிப் பிடித்தபடியே சேற்றில் விழுந்தார்.

ஆகவே கையெழுத்துப் போட வேண்டியதுதானே என்று நீங்கள் நினைக்கிறீர்கள். வீட்டிலும் அப்படித்தான் நினைத்தார்கள்.

*

சனிக்கிழமை அதிகாலை ஐந்தரைக்கு வேன் வந்தது. ராத்திரி பெய்த மழை பாதையை வழித்துத் துடைத்துவிட்டிருந்தது. ஒரு சக்கரத் தடம்கூட மிச்சமில்லை.

வழக்கம்போல ஜூலியஸ் பாரிட் கரையில், பாலத்தின் ஓரத்தில் நின்றார். கைலி, பனியன், கையில் டார்ச் லைட். வேனை ஓட்டும் ராமையா தலையை வெளியே நீட்டினார்.

"கல்யாணமாயி முப்பது வருஷம் ஆவுது. இன்னும் வாசல்ல நின்னு டாட்டா காட்டுறாரு பாருங்க அக்கா. எங்க வீட்டுல நான் செத்தாதான் எந்திரிச்சு வந்து பார்ப்பா."

"கண்ணு வைக்காத ராமையா. வண்டிய எடு," என்றார் வெரோனிக்கா. ஆனாலும் சன்னல் வழியாகக் கையை நீட்டி ஆட்டினார். ஜூலியஸும் ஆட்டினார்.

நான்கு வருடமாக இது தவறியதில்லை. போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை. கோயிலில் பெண்கள் இதைச் சொல்லித் தங்கள் கணவன்மார்களைத் திட்டியிருக்கிறார்கள்.

கை ஆட்டும்போது ஜூலியஸின் கண் சன்னலில் இருந்ததே இல்லை. சக்கரத்தில்தான் இருக்கும். முன்சக்கரம் பாலத்தில் ஏறியதும் மூச்சை நிறுத்துவார். பின்சக்கரம் இறங்கியதும் விடுவார். இடையில் மூன்று வினாடி.

இன்றைக்கு இரண்டாவது வினாடியில் பாலம் சத்தம் போட்டது.

பெரிய சத்தமில்லை. யாரோ உள்ளேயிருந்து விரல் மடக்கித் தட்டியதுபோல ஒரு டொக். வேன் போய்விட்டது. ராமையா ஹாரன் அடித்து விடைபெற்றார். ஜூலியஸ் கையை ஆட்டிக்கொண்டே நின்றார், வேனின் பின்விளக்கு மறைந்து வெகுநேரம் ஆன பிறகும்.

பிறகு வீட்டுக்கு வந்து தூண்டிலை எடுத்துக்கொண்டு பாரிட்டுக்குள் இறங்கினார். அவர் அடிக்கடி தூண்டில் போடுவார். ஒரு கெளுத்திகூட இதுவரை அகப்பட்டதில்லை. இதை யாரும் சந்தேகப்படவில்லை. மீன் பிடிக்கத் தெரியாதவர் என்று முடிவு கட்டிவிட்டிருந்தார்கள்.

*

மெலிசாவுக்கு இருபத்தாறு வயது. மலாக்கா டவுனில் லாயர் ஆபீஸில் வேலை. சனிக்கிழமை லீவு. லாயர் ஆபீஸில் வேலை செய்கிறவர்களுக்கு லீவு கிடையாது என்பதால் காலை ஒன்பதுக்கே தினேஸ்வரனின் கடிதத்தை மேசையில் விரித்து, பச்சை மார்க்கரால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள்.

"பா, மீன் கிடைச்சுதா?"

"தண்ணி கலங்கலா இருக்கு."

"லெட்டர் ஓகே லா. மூணு மாசம். காலை எட்டுலேர்ந்து அஞ்சு மணி வரைக்கும்தான் லோரி வரும். ஞாயித்துக்கிழமை வராது. கல் பாதை அவங்க செலவு."

"புழுதி பறக்கும்."

"மழைக்காலத்துலயா?"

"கோழி பயப்படும்."

"நம்மகிட்ட ஏது கோழி?"

கோழிகளைப் போன வருடமே விற்றுவிட்டது அப்போதுதான் ஜூலியஸுக்கு நினைவுக்கு வந்தது.

"அஞ்சாவது பாயிண்ட் மட்டும் கேளுங்க," என்றாள் மெலிசா. கடிதம் மலாயில் இருந்ததால் தமிழில் படித்துச் சொன்னாள். "நில உரிமையாளர் தன் பாலம் இருபத்தஞ்சு டன் எடையைத் தாங்கும்னு உறுதி கொடுக்கிறார். பாலத்தால் உயிருக்கோ வண்டிக்கோ சேதம் வந்தால் உரிமையாளரே பொறுப்பு. இது ஏன் போட்டாங்கன்னு தினேஸ் அண்ணன்கிட்ட வாட்சப்ல கேட்டேன். அங்கிள்தானே யானையே போகும்னு சொன்னாருன்னாரு."

"எங்க சொன்னேன்?"

"எங்கதான் சொல்லல நீங்க? ஒட்டுக்கடையில டீ குடிக்கிறப்ப, கோயில் மீட்டிங்ல, சின்னம்மா வீட்டு நிச்சயதார்த்தத்துல. மைக் வாங்கிச் சொன்னீங்கப்பா."

ஜூலியஸ் எழுந்து தண்ணீர் குடித்தார்.

"அம்மா வரட்டும். நிலத்து கெரான் பத்திரத்துல அவ பேரும் இருக்கு. ரெண்டு பேரும் போடணும்ல?"

"ஆமா. அம்மா நேத்தே சரின்னுட்டாங்க. உங்க பேனாதான் பாக்கி." மெலிசா கைப்பேசியை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "நான் போய்ப் பாலத்த நாலு போட்டோ எடுத்துட்டு வரேன். மேல, கீழ, சைடு. லோரி போறதுக்கு முந்தி எப்படி இருந்துச்சுன்னு ரெக்கார்ட் வேணும். எங்க ஆபீஸ்ல இது இல்லாம ஒரு பேப்பரும் நகராது."

"கீழ எதுக்கு?"

"கீழதானே பா உடையும்."

அந்த வாக்கியம் சாதாரணமாகச் சொல்லப்பட்டது. ஜூலியஸ் அவளுக்கு முன்னால் வாசலுக்குப் போனார்.

"அட்டை இருக்கும்மா. பாம்புகூடப் பார்த்தேன் காலைல."

"பூட்ஸ் போட்டுக்கிறேன்."

"வேணாம்னா கேளேன்."

மெலிசா நின்றாள். அப்பா அவளை அதட்டி ரொம்ப வருடம் ஆகிறது. அதுவும் இது அதட்டல்போல இல்லை. கெஞ்சல்போல இருந்தது. அதனால்தான் அவள் போனாள்.

*

பாலத்தின் அடியில் வெளிச்சம் குறைவு. மெலிசா கைப்பேசியின் விளக்கைப் போட்டு ஒரு படம் எடுத்தாள். பெரிதாக்கிப் பார்த்தாள். பிறகு விளக்கை அதே இடத்தில் பிடித்துத் தலையை அண்ணாந்து நேரிலேயே பார்த்தாள்.

கான்கிரீட் பலகையின் அடிப்பக்கம் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரைக்கும் ஒரு கோடு. நடுவில் உள்ளங்கை அகலத்துக்குத் துண்டு ஒன்று பெயர்ந்து விழுந்திருந்தது. சுற்றிலும் பாசி. பெயர்ந்த இடத்தில் மட்டும் பாசியில்லை, வெள்ளையாக, அன்றைக்குத்தான் உடைத்த தேங்காய்போல இருந்தது. அந்த ஓட்டைக்குள் இரும்புக் கம்பி தெரிய வேண்டும்.

தெரிந்தது மூங்கில். கறுத்து, நார் நாராகப் பிரிந்து, ஈரம் சொட்டிக்கொண்டிருந்த மூங்கில்.

அவள் திரும்பியபோது ஜூலியஸ் கரையில் குந்தியிருந்தார்.

"பா. இது என்னா?"

"அந்தத் துண்டு வியாழக்கிழமை விழல. கோடு மட்டும்தான், முடி மாதிரி. ரெண்டு நாள்ல எப்படி இவ்ளோ…"

"நான் அதக் கேட்கல. கம்பி எங்க?"

அவர் பாரிட் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"பதினாலு வருஷம் ஆச்சு. கம்பி வாங்கி வாசல்ல போட்டிருந்தேன். அந்த ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு, மாதா கெபி கட்டணும், யாரு என்ன கொடுப்பீங்கன்னு ஃபாதர் கேட்டாரு. பக்கத்துல உக்காந்திருந்த ஜேம்ஸ் எந்திரிச்சு சிமெண்ட் பூரா நான்னான். எல்லாரும் என்னையப் பார்த்தாங்க."

"யாரும் பார்த்திருக்க மாட்டாங்கப்பா."

"பார்த்த மாதிரி இருந்துச்சு. கம்பி பூரா நான்னு சொல்லிட்டேன்."

"பூராவுமா?"

"பூரான்னு சொல்லிட்டு எப்படிப் பாதி கொடுக்கிறது?"

மாதா சிலையோடு கெபி இன்றும் நிற்கிறது. அதன் அடியில் பளிங்குக் கல்லில், இரும்புக் கம்பி நன்கொடை: திரு. ஜூலியஸ், திருமதி வெரோனிக்கா குடும்பத்தார் என்று பொறித்திருக்கிறது. வெரோனிக்கா ஒவ்வொரு ஞாயிறும் அந்த எழுத்தை முந்தானையால் துடைத்துவிட்டுத்தான் மெழுகுவர்த்தி ஏற்றுவார். அந்த நேரத்தில் ஜூலியஸ் செருப்பைத் தேடப் போய்விடுவார்.

"அம்மாவுக்குத் தெரியாதா?"

"உங்கம்மா அப்ப கோலா சுங்கை பாருவுக்கு, சின்னம்மா பிரசவத்துக்குத் துணையா போயிருந்தா. அவ வர்றதுக்குள்ள சிமெண்ட ஊத்தணும். மூங்கிலுக்குத் தாரு பூசி வச்சேன். ரெண்டு மாசத்துல உடைச்சு ஒழுங்கா கட்டிக்கலாம்னுதான். அதுக்குள்ள ஃபாதர் வந்து தீர்த்தம் தெளிச்சுட்டாரு. எவ்வளவு தாங்கும்னு யாரோ கேட்டாங்க. யானையே போகும்னேன்."

"செர்காம்ல யானை எங்கப்பா வரப்போகுது?"

"அதனாலதான் சொன்னேன்."

மெலிசாவுக்குச் சிரிப்பு வரவில்லை. "ஃபாதர்கிட்ட பாவசங்கீர்த்தனத்துலகூடச் சொல்லலியா?"

"வீடு மந்திரிக்க ஃபாதர் இது மேலதான் காடி ஓட்டிட்டு வரணும். சொன்னா வருவாரா?"

பின்னால் ரப்பர் காட்டில் சங்கிலி ரம்பம் ஒன்று அலறி நின்றது. மரம் விழுந்த அதிர்வு தரை வழியாக வந்தது. பாலத்தின் அடியிலிருந்து மணல் ஒரு கோடாக உதிர்ந்து தண்ணீரில் விழுந்தது. இருவரும் அதைப் பார்த்தார்கள்.

"வேன் போறப்பல்லாம் அங்க நிப்பீங்களே," என்றாள் மெலிசா மெதுவாக.

ஜூலியஸ் எழுந்து கைலியை இறுக்கிக் கட்டினார்.

"அம்மா எத்தன மணிக்கு வருவாங்க?"

"பன்னெண்டுக்குள்ள."

மணி பதினொன்று இருபது.

*

ராமையா வண்டி ஓட்டும்போது கைப்பேசி எடுக்க மாட்டார். அதற்காக டயாலிசிஸ் சென்டரில் அவருக்குப் பாராட்டுக் கடிதமே கொடுத்திருந்தார்கள். மெலிசா ஒன்பது முறை அழைத்தாள். வெரோனிக்காவின் கைப்பேசி சோபாவிலேயே ஒலித்தது. மறந்துவிட்டுப் போயிருந்தார்.

"வேனை அந்தப் பக்கமே நிறுத்தணும்," என்றாள் மெலிசா. "எதையாச்சும் குறுக்கப் போடுங்க."

வீட்டில் குறுக்கே போட இருந்தவை இரண்டு சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலிகள். ஜூலியஸ் இரண்டையும் தூக்கிக்கொண்டு, தன் பாலத்தின் மேல் பதினான்கு வருடத்தில் முதன்முறையாக நுனிக்காலில் நடந்து, நடுவில் போட்டார். திரும்பி நுனிக்காலில் வந்தார். மேசையிலிருந்து எடுத்த தாளும் பேனாவும் சட்டைப்பையில் இருந்தன. வியர்வையில் தாள் மார்போடு ஒட்டிக்கொண்டிருந்தது.

முதலில் வந்தது வேன் இல்லை.

தினேஸ்வரனின் பிக்கப் வந்தது. அதன் பின்னால் பத்துச் சக்கர லோரி ஒன்று, விளிம்புவரை கருங்கல் ஏற்றி, தோட்டப் பாதையின் இரண்டு பக்கச் செடிகளையும் உரசிக்கொண்டு வந்தது.

தினேஸ்வரன் இறங்கினார். முப்பத்தைந்து வயது, மடிப்புக் கலையாத சட்டை, எப்போதும் பாதிச் சிரிப்பு.

"என்ன அங்கிள், நிச்சயதார்த்தம் மாதிரி நாற்காலியெல்லாம் போட்டிருக்கீங்க?"

"கையெழுத்து இன்னும் போடலப்பா."

"அது கிடக்கட்டும் லா. கல்லு முதல்ல. நேத்து ஆன்ட்டி நடக்கிறதப் பார்த்தேன், மனசு கேக்கல. இன்னைக்கே கொட்டிப் பரப்பிடலாம்."

ஒருவர் மிரட்டினால் எதிர்த்து நிற்கலாம். கல்லைக் கொண்டுவந்து கொட்டுகிறவரை என்ன செய்வது? ஜூலியஸ் இன்னொரு காரணம் தேடினார்.

"இன்னைக்கு வேணாம். நாள் சரியில்ல. சனிக்கிழமை, நேரமும் நல்லா இல்ல."

"நீங்க வேதக்காரங்கதானே அங்கிள்?"

"இருந்தாலும்."

தினேஸ்வரன் அவரை ஒரு கணம் பார்த்தார். பாதிச் சிரிப்பு அப்படியே இருந்தது. "பயமா இருக்கா? உங்க பாலத்துமேல உங்களுக்கே நம்பிக்கை இல்லியா? நானே ஓட்டுறேன். போதுமா?"

லோரி டிரைவரை இறங்கச் சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தார். இஞ்சின் உறுமியது.

மெலிசா "அப்பா" என்றாள். ஒரு தடவைதான். அதற்குள் ஜூலியஸ் பாலத்தைத் தாண்டி ஓடி, அந்தப் பக்கம் லோரிக்கு முன்னால் நின்றிருந்தார். முன்சக்கரம் அவர் இடுப்பு உயரம் இருந்தது.

"தம்பி, இதுல கம்பி இல்ல," என்றார்.

இஞ்சின் சத்தத்தில் கேட்கவில்லை. தினேஸ்வரன் காதில் கை வைத்துக் காட்டினார்.

"கம்பி இல்லப்பா."

பின்னால் ஒரு ஹாரன். வேன் வந்து லோரிக்குப் பின்னால் நின்றது. தினேஸ்வரன் என்னவென்று புரியாமல் இஞ்சினை அணைத்தார். அதே நொடியில் ஜூலியஸ் முழுப் பலத்தையும் கூட்டி மூன்றாவது தடவை கத்தியிருந்தார்.

"என் பாலத்துக்குள்ள மூங்கில்தான் இருக்கு."

பதினான்கு வருடம் காப்பாற்றிய ரகசியம் நல்ல அமைதியில், எல்லாருக்கும் தெளிவாக, ஒட்டுக்கடை வரைக்கும் கேட்டிருக்கக்கூடிய குரலில் வெளியே வந்தது.

வேன் கதவு திறந்தது. வெரோனிக்கா இறங்கினார். இடது கையில் கட்டு. டயாலிசிஸ் முடிந்த முகம், துவைத்துப் பிழிந்த துணிபோல. லோரியின் ஓரமாகக் கையைத் தாங்கிப் பிடித்து நடந்து வந்தார். ராமையா பின்னாலேயே வந்தார்.

"என்னா சொன்னீங்க மெலிசாப்பா?"

ஜூலியஸ் லோரியின் முன்னாலிருந்து விலகி நின்றார்.

"தலைய சுத்துது. நான் உக்காரணும்," என்றார் வெரோனிக்கா. யாரும் தடுப்பதற்குள் பாலத்தில் ஏறி, நடுவில் கிடந்த சிவப்பு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"அங்க வேணாம் வெரோ. எந்திரி."

"வேற எங்க நாற்காலி போட்டிருக்கீங்க?"

லோரி நின்ற கரையில் ஜூலியஸ், தினேஸ்வரன், ராமையா, லோரி டிரைவர். வீட்டுப் பக்கம் மெலிசா. நடுவில், பன்னிரண்டு அடி மூங்கிலுக்கு மேல், வெரோனிக்கா. எல்லாரும் மூச்சை அடக்கி நின்றார்கள். ஜூலியஸ் மட்டும் இதில் பழக்கப்பட்டவர்.

"வாங்கின கம்பி என்னாச்சு?"

"கெபிக்குக் குடுத்துட்டேன்."

"ரெண்டு தடவ வாங்கினேன்னு சொன்னீங்களே."

"ஒரு தடவதான் வாங்கினேன்."

வெரோனிக்கா கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டார்.

"நாலு வருஷமா இது மேல போயிட்டு வரேன். ஒவ்வொரு தடவையும் அங்க நின்னீங்க. நான் கை காட்டினேன்."

"நானும் காட்டினேன்."

"எதப் பார்த்துக்கிட்டு?"

ராமையா இருமலை அடக்கிக்கொண்டு வேறு பக்கம் திரும்பினார். ஜூலியஸ் பொய் சொல்லியிருக்கலாம். பதினான்கு வருடப் பழக்கம், கஷ்டமே இருந்திருக்காது.

"சக்கரத்த," என்றார்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. பின்னாலிருந்து, ரப்பர் காட்டின் ஓரத்திலிருந்து, கனமான ஒரு இஞ்சின் இருமி, திணறி, சீராக ஓடத் தொடங்கியது. ரம்பமில்லை. மெலிசா திரும்பிப் பார்த்தாள்.

"அங்க என்னா வண்டி?" என்றாள். "அந்தப் பக்கந்தான் வழியே இல்லையே."

தினேஸ்வரனின் பாதிச் சிரிப்பு காணாமல் போயிருந்தது. லோரியிலிருந்து இறங்கி வந்து ஜூலியஸின் பக்கத்தில் நின்றார்.

"மண்ணு தள்ற மெஷின் ஆன்ட்டி. கல்லு பரப்ப அதப் பன்னெண்டு மணிக்கு இங்க வரச் சொல்லியிருந்தேன்."

"எப்படி உள்ள போச்சு?" என்றார் வெரோனிக்கா.

தினேஸ்வரன் பாலத்தைக் கையால் காட்டினார்.

"நேத்து சாயங்காலம். நீங்கல்லாம் கோயிலுக்குப் போனப்ப. எப்படியும் இன்னைக்குக் கையெழுத்து ஆயிடும்னு…"

"எத்தன டன்?" என்று கேட்டாள் மெலிசா.

"எட்டு."

மெலிசா கையிலிருந்த கைப்பேசியைப் பார்த்தாள். பாசியில்லாத அந்த வெள்ளைத் துண்டு இன்னும் திரையில் இருந்தது.

"உள்ள போனதுக்கு யார்கிட்ட கையெழுத்து வாங்குன தம்பி?" என்று கேட்டார் வெரோனிக்கா.

குரலை உயர்த்தவில்லை. உயர்த்த அவரிடம் தெம்பும் இல்லை.

"தப்புதான் ஆன்ட்டி. ஆனா அது வாடகை மெஷின். திங்கக்கிழமை திருப்பிக் குடுக்கணும். வெளிய எடுக்க வேற வழி இல்ல."

ஒரு வாரமாக அந்த வீட்டில் எல்லாரும் தினேஸ்வரனை உள்ளே விடுவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார்கள். அவர் வெள்ளிக்கிழமையே உள்ளே வந்துவிட்டார். இப்போது வெளியே விடுவதா என்பதுதான் கேள்வி. விட்டால் எட்டு டன் இந்தப் பாலத்தில் ஏற வேண்டும். ஏறி, பாலம் விழுந்தால், செவ்வாய்க்கிழமை காலை ஐந்தரைக்கு வெரோனிக்கா எதைத் தாண்டிப் போவார்? டயாலிசிஸ் ஒரு நாள் தள்ளினால் மூச்சு வாங்கும். இரண்டு நாள் தள்ளிப் பார்த்தவர்கள் சென்டரில் யாரும் இப்போது இல்லை.

"மெலிசாப்பா, அந்தப் பேனாவக் குடுங்க."

ஜூலியஸ் பாலத்தின் ஓரம் வரை வந்து கையை நீட்டினார். வெரோனிக்கா எழுந்து வந்து வாங்கினார். தாளையும் நீட்டினார் ஜூலியஸ். அதை அவர் தொடவில்லை. பேனாவை மூடி, கைப்பைக்குள் போட்டு, ஜிப்பை இழுத்தார்.

"இது என்கிட்ட இருக்கட்டும். திங்கக்கிழமை வரைக்கும் யாரும் எதுலயும் கையெழுத்துப் போட வேணாம். தம்பி, முதல்ல உன் ஆளுக்குப் போன் போட்டு மெஷினை நிறுத்தச் சொல்லு."

தினேஸ்வரன் அழைத்தார். காதில் வைத்துக் காத்திருந்தார். மறுபடி அழைத்தார்.

"மெஷின் சத்தத்துல அவனுக்குக் கேக்காது ஆன்ட்டி."

இஞ்சின் சத்தம் செம்பனைகளுக்குப் பின்னால் நெருங்கிக்கொண்டிருந்தது. மெலிசா இரண்டு கையையும் ஆட்டியபடி அதை நோக்கி ஓடினாள்.

வெரோனிக்கா வீட்டைப் பார்த்தார். பிறகு காலடியைப் பார்த்தார். முதன்முறையாக அவர் முகத்தில் பயம் வந்தது.

"முன்னால நடங்க," என்றார் ஜூலியஸிடம். "இனிமே ஓரத்துல நின்னு பார்க்கிற வேலையெல்லாம் வேணாம். நீங்க கால் வச்ச இடத்துலதான் நான் வைப்பேன்."

ஜூலியஸ் முதல் அடி வைத்தார். இரண்டாவது அடி. பின்னால் வெரோனிக்காவின் செருப்புச் சத்தம் அதே இடங்களில் கேட்டது. நடுவுக்கு வந்து நாற்காலிகளை ஓரமாகத் தள்ளியபோது அடியிலிருந்து யாரோ தட்டினார்கள். டொக்.

இருவரும் நின்றார்கள். ஜூலியஸ் திரும்பாமல் கையைப் பின்னால் நீட்டினார்.

வெரோனிக்கா அதைப் பிடித்துக்கொள்ளவில்லை. "நடங்க," என்றார்.